இருட்டுக்கு முன்னால்: புதுச்சேரியிலிருந்து தேவனாம்பட்டினம் வரை

டிசம்பர் 21, இரவு. புதுச்சேரி

இன்றைக்குத்தான் வருடத்திலேயே நீளமான இரவு. நம் ஊரில் இதை யாரும் கவனிப்பதில்லை, கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை, இங்கே இன்றுகூட கிட்டத்தட்ட பதினொன்றரை மணி நேரம் பகல் உண்டு. நான் மூன்று குளிர்காலம் இருந்துவிட்டு வந்திருக்கும் ஊரில், நார்வேயின் வடக்கே ஆர்க்டிக் வட்டத்துக்கும் 350 கிலோமீட்டர் மேலே இருக்கும் டிரோம்சோவில், இன்றைக்குச் சூரியன் உதிக்கவே இல்லை. நவம்பர் கடைசியில் போகிற சூரியன் அங்கே ஜனவரி நடுவில்தான் எட்டிப் பார்க்கும். நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் வானம் நீலமாக வெளிறும், அவ்வளவுதான்.

முதல் குளிர்காலத்தில் எனக்கு என்ன ஆனது என்று இதுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. ஆய்வுக்கூட வேலைக்கு இருட்டில் போவேன், இருட்டில் திரும்புவேன், ஒரு பிடி சோறு வைக்கக்கூடத் தோன்றாது. சனிக்கிழமை படுத்தால் திங்கள்கிழமை அலாரம் வரை கட்டில்தான். போன் அடித்தால் எடுக்க மாட்டேன். அப்போதுதான் போர்வீரன் மாதிரி வாழணும் என்று பேசுகிறவர்களின் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன்: நாலு மணிக்கு எழு, ஐஸ் தண்ணீரில் இறங்கு, வலியை வெளியே சொல்லாதே, யாரையும் நம்பி இருக்காதே. ஒரு தாளில் "யாரும் வேண்டாம்" என்று தமிழில் எழுதிக் கட்டிலுக்கு நேரே ஒட்டி வைத்தேன். அது என்னைக் கட்டிலை விட்டு எழுப்பியது, அதை இல்லை என்று சொன்னால் பொய். உடம்பு இறுகியது, வேலையில் நல்ல பெயர் வந்தது.

இரண்டாவது குளிர்காலத்தில் பனிக்கட்டி படிந்த நடைபாதையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. உடைந்த கையோடு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள் இருந்தேன். அதை வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டிதான், என் சமையலறை விளக்கு எரியவே இல்லையே என்று கதவைத் தட்டி, கையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் காரை எடுத்தார். அந்தப் பாட்டி மே மாதத்தில், பனி முழுசாகக் கரையாத நாளிலேயே, விறகு பிளந்து சுவரோரம் அடுக்க ஆரம்பித்துவிடுவார். கோடை முழுக்க அது காயும். அடுத்த இருட்டுக்கான விறகு அது. மே மாதத்தில் ஏன் இந்த அவசரம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அத்தை வீடு தேவனாம்பட்டினத்தில். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நாளைக்குக் கிளம்பி நடந்தே போகப் போகிறேன். மார்கழி பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, வாடைக்காற்று அடிக்கிறது, மழை இன்னும் மிச்சம் இருக்கிறது. நம் ஊர் இருட்டில் நடந்து ரொம்ப வருடமாகிவிட்டது.

டிசம்பர் 22. புதுச்சேரி, தவளக்குப்பம், நல்லவாடு

ஐந்து மணிக்கே எழுந்து கடற்கரைச் சாலைக்குப் போனேன். அந்த நேரத்தில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் அலைச் சத்தம் மட்டும்தான். காந்தி சிலையைத் தாண்டி வடக்கே, குருசுக்குப்பம் பக்கம் நடந்தபோது மூங்கில் காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பிள்ளைகள் சிலம்பம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆசானுக்கு அறுபது வயது இருக்கும், தலையில் மப்ளர், வெறுங்கால்.

மற்ற பிள்ளைகள் கம்பு சுற்ற, ஒரு பையன் மட்டும் ஓரமாக வெறுங்கையோடு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். மண்ணில் கோடு கிழித்திருந்தது. கோட்டின் மேல் முன்னங்கால், ஒரு திருப்பம், பின்னங்கால், மறுபடி முதலிலிருந்து. கால் மணி நேரம் நின்று பார்த்தேன், அவன் கையில் கம்பு வரவே இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று ஆசானிடம் கேட்டேன்.

"காலடி வர்ற வரைக்கும்மா. கம்பு கைக்கு வந்துட்டா கண்ணு கம்பு மேல போயிடும். அப்புறம் காலை யாரு பாக்கறது?"

கம்பு அவரவர் நெற்றி உயரத்துக்கு இருக்க வேண்டும், அண்ணன் கம்பைத் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது, அளந்து அறுக்கணும் என்றார். நான் கட்டிலுக்கு நேரே ஒட்டிய தாள் ஞாபகம் வந்தது. நேராகக் கம்பை எடுத்துவிட்டேன், அதுவும் வேறு யாரோ அவர்கள் உயரத்துக்கு அறுத்த கம்பு.

ஏழு மணிக்குக் கிளம்பி முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம் பாலம் என்று ரோட்டோரமாகவே நடை. லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற வழி, சொல்ல ஒன்றுமில்லை. தவளக்குப்பத்தில் ஒரு சின்ன லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் நல்லவாட்டுக்குப் போனேன்.

நல்லவாடு கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2004 சுனாமிக்கு முன்பே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊரில் ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா என்பதைத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த இந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். மையம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் எல்லோரும் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். 3,600 பேருக்கு மேல் இருந்த ஊர். படகும் வீடும் போயின, உயிர் தப்பியது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். போன் வந்ததைப் பற்றி எல்லோரும் பேசுறாங்க, அந்த மைக் செட் அன்னிக்கு வேலை செஞ்சுது பாருங்க, அதை யாரும் பேசறதில்ல, தினமும் போட்டுப் போட்டுப் பழகின மைக் செட்டு என்றார். ராத்திரி லாட்ஜில் படுத்தும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 23. தவளக்குப்பம், ஆல்பேட்டை, தேவனாம்பட்டினம்

நேற்று எழுதிய உற்சாகம் இன்று காலை பதினோரு மணிக்குள் தீர்ந்துவிட்டது. கிருமாம்பாக்கம் தாண்டும்போது பிடித்த மழை விடவில்லை. முள்ளோடை எல்லையில் ஒரு கடை ஓரம் ஒதுங்கி நின்றேன். பாரதி 1908 முதல் பத்து வருடம் புதுச்சேரியில் இருந்துவிட்டு 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் அவரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில்தான் அடைத்தார்கள். பிடிப்பார்கள் என்று தெரிந்தே புறப்பட்டிருப்பார். அவர் வந்த வழி வேறு, ஆனாலும் ஒரு எல்லைக்கோட்டில் நனைந்துகொண்டு நிற்கும்போது அது ஞாபகம் வருகிறது.

புதிய செருப்பு குதிகாலை அறுத்திருந்தது. ரத்தம். தென்பெண்ணைப் பாலத்துக்கு வரும்போது நொண்டிக்கொண்டுதான் வந்தேன். ஆறு கரை கொள்ளாமல் ஓடுகிறது, செந்நிறம், நடுவில் ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போனது. ஆல்பேட்டையில் ஒரு டீக்கடை. கடை நடத்துகிற அக்கா என் காலைப் பார்த்துவிட்டு, "உக்காரு மொதல்ல" என்றார். வேண்டாம் அக்கா, கொஞ்ச தூரம்தான், நடந்துவிடுவேன் என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை, மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தார்.

கடைச் சுவரில் இடுப்புக்கு மேல் ஒரு சேற்றுக்கோடு தெரிந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வந்த வெள்ளத்தின் கோடு. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. டிசம்பர் 2 விடியற்காலை இருட்டில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி திறந்தார்கள், அந்தத் தண்ணீர் கடலூரை முழுக்கியது. அக்கா வீடும் முங்கியது. பாத்திரம், பீரோ, தையல் மிஷின் எல்லாம் போனது. ஒரு பை மட்டும் தப்பியது. ரேஷன் கார்டு, பட்டா, ஆதார், பெண்ணின் மார்க் ஷீட், இரண்டு தங்கத்தோடு, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி விட்டத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கூரையைப் பிய்த்துப் போட்டதற்கு அப்புறம் மாட்டிய பை அது.

"பதிமூணு வருஷம் சும்மாவே தொங்கிச்சு. எங்க வூட்டுக்காரர் அதைப் பாத்துப் பாத்துத் திட்டுவாரு."

இப்போதும் தொங்குகிறது, புது ஆணியில். அவர் மகன் வண்டியில் என்னை அத்தை வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். கடைசி நாலு கிலோமீட்டரை நடக்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 24. தேவனாம்பட்டினம்

கால் வீங்கியிருக்கிறது, எங்கும் போகவில்லை. கோட்டை இடிபாடு வரைக்கும்கூடப் போக முடியவில்லை. கிளைவ் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை இது, சின்ன வயதில் அதன் சுவரோரம்தான் விளையாடுவோம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டு நடத்தும்போது கூதிர்ப்பாசறை என்று ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார்கள். குளிர்கால மழையில் படை தங்கியிருக்கும் இடம். சண்டை நடக்காத இரவு, வாடை அடிக்கிறது, விளக்குச் சுடர் சாய்கிறது. அரசன் தூங்காமல் எழுந்து வந்து, காயம்பட்டுக் கிடக்கிற வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறான், ஒருவர் வேலால் அவர்களைக் காட்டிக்கொண்டு முன்னே நடக்கிறார். பதினான்கு வயதில் இதைப் படித்தபோது இது என்ன போர்ப் பாட்டு, ஒரு வெட்டுகூட இல்லையே என்று இருந்தது. டிரோம்சோவில் நான் பார்த்த எந்த வீடியோவிலும் போர்வீரனுக்குக் காயமே பட்டதில்லை. பட்டாலும் அவனைப் பார்க்க யாரும் வரவில்லை.

நாளைக்கு விடிகாலை அத்தையோடு துறைமுகம் போகிறேன். அத்தை வேண்டாம் என்றார், பனி பெய்யுது, உனக்குக் கால் வேற இப்படி. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 25. கடலூர் துறைமுகம், முதுநகர்

அத்தைக்கு அறுபத்து மூன்று வயது. மாமா போனதிலிருந்து மீன் விற்கிறார். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பிட்டுக் கை கழுவியதும், அவர் செய்ததை முழுசாக எழுத ஆசைப்படுகிறேன்.

வாசல் கதவுக்கு உள்பக்கம், இடது மூலையில், அன்னக்கூடையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தி வைத்தார். அதற்குள் மடித்த பிளாஸ்டிக் தாள், அதன் மேல் அரிவாள்மனை, பலகை, சும்மாட்டுத் துணி. கூடைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில். சுருக்குப் பையில் சில்லறை: பத்து ரூபாய் நாணயம் தனி முடிச்சு, நோட்டு தனி. டார்ச் லைட்டை ஒரு முறை போட்டுப் பார்த்து அணைத்து வலது பக்கம் வைத்தார். செருப்பு ஜோடியாக, வெளியே பார்த்தபடி. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்த்தார். ஏன் அத்தை என்றேன்.

"காலைல இருட்டுல தேடக் கூடாது பாப்பா. தேடினா பயம் வந்துரும்."

நான் ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். மே மாதத்து விறகு, விட்டத்தில் தொங்கிய பை, தினமும் பேசிய மைக் செட், எல்லாம் ஒன்றாக வந்து நின்றது.

இரண்டே முக்காலுக்கு ஷேர் ஆட்டோ. அத்தையோடு சேர்த்து ஐந்து பெண்கள், நான் ஆறாவது. யாரும் அதிகம் பேசவில்லை. துறைமுகத்தில் மட்டும் விளக்கு, ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் வாடை, காலுக்கடியில் மீன் தண்ணீர். ஐயப்பன் மாலை போடுகிற மாதம் என்பதால் மீனுக்கு அவ்வளவு கிராக்கி இல்லையாம், கிறிஸ்துமஸ் என்பதால் இன்றைக்கு மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. ஏலக்காரர் விலை சொல்லச் சொல்ல, அத்தை புருவத்தை மட்டும் அசைத்தார், ஒரு குவியல் கவலை மீனும் கொஞ்சம் சங்கராவும் வந்தன. ஐந்து பேரும் சேர்ந்து போட்ட பணம் அது. தனியாக ஏலம் எடுக்க யாரிடமும் அவ்வளவு கிடையாது. எடுத்ததை அங்கேயே ஐந்தாகப் பிரித்தார்கள், ஒரு கூடையில் ஒரு சங்கரா கூடிவிட்டது என்று சத்தம் போட்டுச் சண்டை வந்து, அப்படியே அடங்கியது.

கூடை நிறைந்ததும் அத்தை சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தூக்கி வுடு."

ஐஸோடு சேர்த்து இருபத்தைந்து கிலோவாவது இருக்கும். அதைத் தரையிலிருந்து தன் தலைக்குத் தானே ஏற்றுவது லேசில்லை. ஒரு பக்கக் காதை அவர் பிடித்தார், மறுபக்கத்தை நான். உடைந்து சேர்ந்த இடது மணிக்கட்டில் ஒரு சுருக் என்ற வலி, பிடித்துக்கொண்டேன், கூடை ஏறியது. கழுத்து ஒரு முறை அசைந்து நேரானது. அப்புறம் அத்தை நடக்க ஆரம்பித்தார், கையை விட்டுவிட்டு, இருட்டில், வழுக்குகிற தரையில், நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. அடுத்த அம்மாவுக்கு இன்னொரு அம்மா தூக்கி விட்டார். ஐந்தாவது ஆளுக்கு, கூடை இல்லாத ஒரு சுமைக்காரர் வந்து கை கொடுத்தார், கேட்கக்கூட இல்லை.

முதுநகர் டீக்கடையில் ஆட்டோவுக்காக நின்றபோது அத்தை சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாள் கதையைச் சொன்னார், அவர் அம்மா சொல்லிக் கேட்டது. இந்த முதுநகரில் 1890ல் பிறந்தவர். 1927ல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் ஒன்பது வயது மகளோடு போய் நின்று சிறைக்குப் போனார். 1932ல் வேலூர்ச் சிறையில் கர்ப்பிணி, பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள், பிள்ளை பிறந்ததும் கைக்குழந்தையோடு திரும்ப உள்ளே போனார். காந்தி கடலூருக்கு வந்தபோது இவரைப் பார்க்கக் கூடாது என்று தடை. பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் வந்து பார்த்துவிட்டார். "அந்த பர்தாவை யாராவது ஒருத்தி குடுத்திருப்பா இல்ல?" என்றார் அத்தை. அவருக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆறு இருபத்தைந்துக்குச் சூரியன் வந்தது. அதற்குள் அத்தை மஞ்சக்குப்பத்தில் கால்வாசி மீனை விற்றிருந்தார்.

டிசம்பர் 26. தேவனாம்பட்டினம்

எங்கள் குப்பத்தில் இன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. காலையில் எல்லோரும் கரைக்கு வந்து பாலை ஊற்றினார்கள், பூவை விட்டார்கள். 2004ல் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள், அதில் என் மாமாவும் ஒருவர். அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கடைக்குப் போயிருந்தார்.

நான் மனதில் எப்போதும் அதை ஒரு இருட்டான நாளாகவே வைத்திருந்தேன். இன்று பால் ஊற்றிவிட்டு ஈர மணலில் நின்றபோது அத்தை தானாகச் சொன்னார். "எட்டரை மணி பாப்பா. ஞாயித்துக்கெழம. நல்ல வெயில்." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டிரோம்சோவில் கட்டிலில் கிடந்த நாட்களைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன், எல்லாவற்றையும், தாளில் எழுதி ஒட்டியதைக்கூட. கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அந்தக் கெழவிக்கு என்ன குடுத்த?" என்றார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். கருவாடு கட்டித் தருகிறேன், கொண்டுபோய்க் குடு என்றார். வாசனை வரும் அத்தை, விமானத்தில் விடமாட்டார்கள் என்றதற்கு, முந்திரிப்பருப்பு தருகிறேன் என்றார்.

மத்தியானம் தூங்கினோம். சாயங்காலம் காற்று திரும்பியிருக்கிறது, நாளைக்குப் படகு போகும் என்கிறார்கள். இப்போது மணி எட்டு. இடது மூலையில் கூடை, தாள், அரிவாள்மனை, பலகை, சும்மாடு. டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். இந்த முறை விளக்கை அணைத்துவிட்டு நான் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டிருந்தேன். எடுத்து வைத்தாகிவிட்டது. என் செருப்பையும் அத்தை செருப்புக்குப் பக்கத்தில் வெளியே பார்த்தபடி வைத்திருக்கிறேன், பழைய செருப்பு. இரண்டே முக்காலுக்கு ஆட்டோ.